லோடுக்குக் கயிறு இருக்கு... டிரைவருக்கு? லாரி சீட் பெல்ட் பற்றி நாம் கேட்காத கேள்வி

தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமாக இறங்கும் லாரிகளைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். லோடு அசையாமல் இருக்கும். தார்ப்பாயை இழுத்து மூடி, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு போட்டு, இரும்புச் சுருள் ஏற்றிய வண்டி என்றால் செயின் போட்டு முறுக்கியிருப்பார்கள். டீக்கு நிறுத்தும் இடத்தில் டிரைவர் ஒரு சுற்று நடந்து வந்து, கயிறு தளர்ந்திருக்கா என்று கையால் இழுத்துப் பார்ப்பார். பிரேக் பிடித்தால் லோடு முன்னால் வரும், வளைவில் ஒரு பக்கம் சாயும். இதை அவருக்கு எந்த விழிப்புணர்வு முகாமும் சொல்லித் தரவில்லை. தொழில் சொல்லிக் கொடுத்தது.

அந்த வண்டியில் கட்டப்படாமல் வரும் ஒரே லோடு, ஸ்டீயரிங் பிடித்திருப்பவர்தான். பக்கத்தில் கிளீனர் இருந்தால் இரண்டு.

ஏன் பெல்ட் போடுவதில்லை என்று கேட்டால், "டிரைவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். சாலைப் பாதுகாப்பு மாதம் வந்தால் ஒரு பேனர், ஒரு உறுதிமொழி, ஒரு போட்டோ. அதோடு முடிந்தது. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த லாரியில் இருக்கும் பெல்ட், போடக்கூடிய நிலையில் இருக்கிறதா?

பழைய லாரி ஒன்றின் கேபினில் ஏறிப் பார்த்தால் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். பெல்ட் தூணோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். அல்லது இழுத்தால் வராது, வந்தால் திரும்பிப் போகாது. பக்கிள், புது சீட் கவருக்கு அடியில் புதைந்திருக்கும். பட்டையில் கிரீஸ், தூசி, வியர்வை எல்லாம் ஏறிக் கறுத்திருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு அலுவலகம் போகும் நாம் அதை ஒரு நிமிடம் தோளில் போடுவோமா?

சட்டம் யாரைப் பார்க்கிறது?

சட்டத்தில் குழப்பம் இல்லை. 2019 செப்டம்பர் 1-இல் அமலுக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் 194-பி பிரிவு, சீட் பெல்ட் போடாமல் ஓட்டினாலும், போடாத பயணியை ஏற்றிச் சென்றாலும் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. அபராதத்தில் கார் வேறு, லாரி வேறு என்ற பாகுபாடு கிடையாது. வண்டியின் முன் இருக்கைகளுக்குப் பெல்ட் பொருத்தித் தர வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனங்களுக்கு விதி வந்தே 30 ஆண்டுகளாகிவிட்டன.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 16,715 பேர் பெல்ட் போடாமல் இருந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை பதிவு செய்தது. 8,384 பேர் டிரைவர்கள், 8,331 பேர் உடன் வந்தவர்கள். எல்லா வாகனங்களும் சேர்ந்த கணக்கு இது. இரண்டு எண்களும் ஏறக்குறைய சமமாக இருப்பதைக் கவனியுங்கள். பெல்ட் என்றதும் நம் மனதில் டிரைவர் மட்டும்தான் வருகிறார்.

அதே 2022 செப்டம்பரில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி பால்கர் அருகே கார் விபத்தில் இறந்தபோது, பின் சீட்டில் பெல்ட் போடவில்லை என்பது நாடு முழுக்கப் பேச்சானது. கார் பெல்ட்டைப் பற்றி நிறைய எழுதினோம். பெல்ட் எச்சரிக்கை ஒலியை ஏமாற்றும் கிளிப்புகளை ஆன்லைனில் விற்றதற்காக, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து மின்வணிகத் தளங்கள் மீது உத்தரவு போட்டது. 13,000-க்கும் மேற்பட்ட விற்பனைப் பக்கங்கள் நீக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கார்களில் 2019 ஜூலையிலேயே கட்டாயமாகிவிட்ட அந்த 'டிங் டிங்' ஒலி, சாலையில் ஓடும் பழைய லாரிகளில் கிடையாது. அங்கே ஏமாற்றுவதற்குக் கிளிப்புகூட வேண்டாம். காக்கிச் சட்டை தெரியும்போது பட்டையைத் தோள் மேல் போட்டுக்கொண்டால் போதும், மாட்டக்கூட வேண்டியதில்லை.

"குதிச்சுத் தப்பிச்சிடலாம் சார்"

நெடுஞ்சாலை டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் இதை யாராவது ஒருவர் சொல்வார். "வண்டி கவுந்தா பெல்ட்டுல மாட்டிக்குவோம். பெல்ட் இல்லன்னா குதிச்சிடலாம்." இதை அறியாமை என்று ஒதுக்க வேண்டாம். கேபின் நசுங்கி நண்பர் சிக்கிக்கொண்டதைக் கண்ணால் பார்த்தவர்கள் இந்தத் தொழிலில் அதிகம். அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லாமல் பெல்ட் போடச் சொல்வது வீண்.

பதில் கணக்கில் இருக்கிறது. 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் நகரும். வண்டி எதன் மீதாவது மோதினால், மோதலின் முக்கியமான பகுதி ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கதவைத் திறக்கும் முடிவைக்கூட மூளை எடுத்திருக்காது. மோதலுக்கு முன்பே குதித்தால்? குதிப்பவர் உடம்பும் அதே 60 கி.மீ. வேகத்தில்தான் தரையைத் தொடும். 14 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நாலு மாடிக்கும் மேலிருந்து விழுவதற்குச் சமமான வேகம் அது. பின்னாலேயே அவருடைய வண்டியின் பின்சக்கரங்கள் வந்துகொண்டிருக்கும்.

கவிழும்போது நடப்பது இன்னும் கொடுமை. லாரி ஒரேயடியாக நொறுங்குவதில்லை. சாய்ந்து, விழுந்து, தேய்ந்துகொண்டே போய் நிற்கும். கட்டப்படாத ஆள் கேபினுக்குள் உருண்டு, கண்ணாடி வழியாகவோ கதவு வழியாகவோ வெளியே விழுகிறார். சாய்கிற வண்டி அவர் மேலேயே சாய்கிறது. உயிரிழப்பு நேரும் விபத்துகளில் வண்டியைவிட்டு முழுவதுமாக வீசப்பட்டவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இறந்துவிடுகிறார்கள் என்பது அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை லாரி டிரைவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. வெளியே விழாமல் கேபினுக்குள் இருப்பதுதான் பிழைக்கும் வழி. பெல்ட் அதற்குத்தான்.

தீப்பிடித்தால், தண்ணீரில் விழுந்தால்? அப்போதும் முதல் தேவை நினைவோடு இருப்பது. மண்டையில் அடிபட்டு மயங்கியவருக்குப் பெல்ட் இல்லாமல் இருந்தும் பயன் இல்லை. நினைவோடு இருப்பவருக்கு, பட்டன் சரியாக வேலை செய்தால், ஒரு விரல் அழுத்தம் போதும். அந்த 'சரியாக வேலை செய்தால்' என்பது பராமரிப்பு விஷயம். அதற்கு வருவோம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊர் லாரிகளில் பெரும்பாலானவை மூக்கு இல்லாத தட்டை முகம் கொண்டவை. டிரைவரின் முழங்காலுக்கும் எதிரே நிற்கும் வண்டிக்கும் நடுவே ஒரு தகடுதான். இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் லாரியின் பின்னால் முழு வேகத்தில் மோதி, கேபினே உள்ளே போய்விட்டால், எந்தப் பெல்ட்டும் காப்பாற்றாது. அதற்கு வலுவான கேபின் வேண்டும், பின்பக்கம் ஒளிரும் பட்டை வேண்டும், சாலையோரத்தில் நிறுத்தாமல் இருக்க நிறுத்துமிடம் வேண்டும். பெல்ட் மந்திரக் கயிறு இல்லை. டிரைவருக்கும் முன் சீட்டுப் பயணிக்கும் இறப்பு அபாயத்தை 45 முதல் 50 சதவீதம் வரை பெல்ட் குறைக்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாதிக்குப் பாதி. இந்த விலையில் வேறெந்தப் பொருள் அதைத் தருகிறது?

லாரிக்கு மட்டும் பொருந்தும் காரணம் ஒன்று உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. முன் டயர் வெடித்தாலோ, சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலோ, டிரைவர் சீட்டிலிருந்து எகிறுவார். அப்போது கால் பிரேக்கில் இருக்காது, கை ஸ்டீயரிங்கில் இருக்காது. பல டன் எடையுள்ள வண்டி சில விநாடிகள் ஆளில்லாமல் ஓடும். எதிரே பைக்கில் வருபவருக்கு அந்தச் சில விநாடிகள்தான் எல்லாமே. இடுப்பைச் சீட்டோடு பிடித்து வைக்கும் பெல்ட், டிரைவரை வண்டியின் கட்டுப்பாட்டிலேயே வைத்திருக்கிறது. அந்த வகையில் லாரியில் பெல்ட், பிரேக்கைப் போல ஓட்டுவதற்கான கருவி.

போடாததற்கு நியாயமான காரணங்கள்

நாமக்கல்லில் ஏறி மூன்று நாள் கழித்து வடக்கே எங்கோ இறங்குபவரின் உடம்பை நினைத்துப் பாருங்கள். ஏசி இல்லாத கேபின். இன்ஜின் சூடு காலுக்கடியிலிருந்து ஏறும். மே மாத வெயில் கண்ணாடி வழியாக நெஞ்சில் விழும். மேலே குறுக்கே ஒரு பட்டை, வியர்வையில் ஊறி, கழுத்தை அறுத்துக்கொண்டு. புதிதாகத் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற விதி 2025-இல் வந்துவிட்டது. இதைச் சொகுசு என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பெல்ட் போடும் பழக்கத்துக்கு எந்தப் பேனரையும்விட இது அதிகம் உதவும் என்பது எங்கள் கருத்து. ஆனால் பழைய வண்டிகள் இன்னும் பல ஆண்டுகள் ஓடத்தான் போகின்றன.

அடுத்தது, குதிக்கும் சீட். நீண்ட தூர வண்டிகளில் காற்றழுத்தத்திலோ ஸ்பிரிங்கிலோ மேலும் கீழும் ஆடும் சீட் இருக்கும். பெல்ட் கேபின் தூணில் பொருத்தப்பட்டிருந்தால், சீட் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்துக்கொண்டு இறுகும். அரை மணி நேரத்தில் தோளைப் பிடித்துக் கீழே அழுத்துவது போல ஆகிவிடும். டிரைவர் என்ன செய்வார்? ஒரு துணிக் கிளிப்பை மாட்டித் தளர்த்தி வைப்பார். அல்லது கழற்றிவிடுவார். இது அவர் தப்பு இல்லை, பொருத்தியவர் தப்பு. பெல்ட்டின் எல்லாப் பிடிப்புகளும் சீட்டிலேயே அமைந்து, சீட்டோடு சேர்ந்து ஆடும் வகை இருக்கிறது. சீட் மாற்றும்போது உரிமையாளர் அதைக் கேட்டு வாங்கலாம். துணிக் கிளிப் மட்டும் வேண்டாம். நாலு விரல் தளர்வு என்றால், மோதலில் உடம்பு அத்தனை தூரம் வேகமாகப் போய்ப் பெல்ட்டில் அடிபடும்.

மூன்றாவது, 'ஜாம்' ஆன பெல்ட். இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். ஏனென்றால் ஜாம் என்று சொல்லி வெட்டி எறியப்படும் பெல்ட்டுகளில் பல, உண்மையில் நன்றாக வேலை செய்கிறவை.

பெட்டிக்குள் என்ன இருக்கு?

இன்றைய மூன்று முனைப் பெல்ட்டை 1959-இல் வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் கொண்டுவந்தார். காப்புரிமையை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ திறந்துவிட்டது. பட்டை பாலியஸ்டர் நெசவு. ஐரோப்பிய விதிப்படி சுமார் 1.5 டன் இழுவிசையைத் தாங்க வேண்டும், இழுபடும்போதும் 46 மி.மீ. அகலத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஒன்றரை டன் எதற்கு என்று தோன்றலாம். 70 கிலோ எடையுள்ளவர் 50 கி.மீ. வேகத்திலிருந்து அரை மீட்டர் தூரத்துக்குள் நின்றால், அவரைப் பிடித்து நிறுத்தத் தேவைப்படும் விசை கிட்டத்தட்ட 1.4 டன். "ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்குவேன்" என்பவர் தன் கையால் அத்தனை எடையைத் தூக்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளலாம்.

பட்டையைச் சுருட்டி வைக்கும் பெட்டிதான் ரிட்ராக்டர். அதற்குள் ஒரு ஸ்பிரிங், ஒரு பல்சக்கரம், பூட்டுக்கு இரண்டு காவலாளிகள். ஒன்று, சிறு குண்டு அல்லது ஊசல். வண்டி திடீரென வேகம் குறைந்தாலோ சாய்ந்தாலோ குண்டு நகர்ந்து சக்கரத்தைப் பூட்டும். இன்னொன்று, பட்டையை வெடுக்கென்று இழுத்தால் பூட்டுவது. மெதுவாக இழுத்தால் இரண்டும் சும்மா இருக்கும்.

இதில்தான் சங்கதி. விதிப்படி 12 டிகிரி சாய்வு வரை குண்டு பூட்டக்கூடாது. 27 டிகிரிக்கு மேல் சாய்ந்தால் பூட்டியே ஆக வேண்டும். அதாவது இந்தப் பெட்டியைத் தயாரித்தவர் சொன்ன கோணத்தில்தான் பொருத்த வேண்டும். நம் ஊரில் பல லாரிகள் வெறும் சேசிஸாக வந்து, நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பட்டறைகளில் உடம்பு கட்டிக்கொண்டவை. தச்சரும் வெல்டரும் கை தேர்ந்தவர்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கேபின் தூணின் சாய்வுக்கு ஏற்ப அந்தப் பெட்டியையும் சாய்த்து போல்ட் போட்டுவிட்டால், குண்டு எப்போதும் உருண்டே கிடக்கும், பெல்ட் எப்போதும் பூட்டியே இருக்கும். டிரைவர் "ஜாம்" என்பார். கழற்றிப் போட்டுவிடுவார்கள். கோணத்தை நேராக்கினால் அரை மணி நேரத்தில் தீர்ந்திருக்கும் வேலை அது.

செங்குத்தான மேட்டிலோ, ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியோ வண்டி நிற்கும்போது பெல்ட் வரவில்லை என்றால் அது கோளாறு இல்லாமலும் இருக்கலாம். சமதரைக்கு வந்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். அங்கேயும் வரவில்லை என்றால்தான் பழுது.

பொருத்துவதில் இன்னொரு விஷயம், பிடிப்பு போல்ட். ஒன்றரை டன்னைத் தாங்கும் பட்டையைக் கொண்டுபோய், பிளைவுட் சுவரிலோ மெல்லிய தகட்டிலோ மாட்டினால் மோதலில் பட்டை அறாது, போல்ட் பிய்ந்து வரும். கேபின் சட்டகத்தில் அதற்கென வலுவூட்டிய இடத்தில்தான் போட வேண்டும். கைக்குக் கிடைத்த போல்ட்டைப் போடுவதும் ஆபத்து. பெல்ட்டுடன் வரும் போல்ட் தனி வலிமை கொண்டது.

இரண்டு நிமிட சோதனை

டயரைத் தட்டிப் பார்ப்பவருக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. பட்டையைக் கடைசி வரை இழுங்கள். தினமும் தோளில் விழும் பகுதியை மட்டும் பார்த்தால் போதாது, சுருளுக்குள் ஒளிந்திருக்கும் பகுதியிலும் வெட்டு இருக்கலாம். ஓரங்களை விரலால் தடவுங்கள். கதவில் மாட்டி நசுங்கிய இடம், மேல் வளையத்தில் உரசிப் பஞ்சு பறந்த இடம், பீடி நெருப்பு பட்டு உருகிய புள்ளி, பேட்டரி ஆசிட் பட்டு மொறமொறவென்று ஆன இடம், தையல் விட்டுப்போன முனை. இதில் எது இருந்தாலும் பெல்ட்டை மாற்ற வேண்டியதுதான். வெயிலில் நிறம் வெளுத்து விறைத்துப்போனதும் அப்படியே. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து ஒட்டுப்போட்டால் பார்க்க நன்றாக இருக்கும், இழுவிசை வரும்போது முதலில் விடுவது அந்தத் தையல்தான். முடிச்சும் கூடாது.

பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. சட்டென்று பூட்ட வேண்டும். விட்டால் தானாகச் சுருள வேண்டும். பக்கிளில் நாக்கைச் செருகினால் 'கிளிக்' சத்தம் கேட்க வேண்டும், இழுத்தால் வரக்கூடாது, பட்டனை அழுத்தினால் துள்ளி வெளியே வர வேண்டும். அழுத்தினாலும் வரவில்லை என்றால் உள்ளே என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். சில்லறைக் காசு, பாக்கு, மிக்சர் துணுக்கு, மாதக்கணக்கான தூசி. தூரிகையாலோ காற்றடித்தோ எடுக்கலாம். எடுத்தும் சரியாகவில்லை என்றால் பக்கிளை மாற்ற வேண்டும். பயத்தோடு பெல்ட் போடாமல் இருக்கும் டிரைவருக்குப் பட்டன் சிக்குவதைவிடப் பெரிய நியாயம் வேண்டியதில்லை. பக்கிளுக்கும் ரிட்ராக்டருக்கும் எண்ணெய் விடக் கூடாது. லாரிப் பட்டறையில் எதற்கும் கிரீஸ்தான் மருந்து என்ற பழக்கம் உண்டு. இங்கே எண்ணெய் தூசியைப் பிடித்து இன்னும் சிக்கலாக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். பெரிய விபத்தில் ஒருவரைத் தாங்கிய பெல்ட் அதோடு தன் வேலையை முடித்துவிட்டது. பார்க்கப் புதிதாகத் தெரிந்தாலும் உள்நூல் இழுபட்டிருக்கும், பூட்டுப் பற்கள் தேய்ந்திருக்கும். பட்டை, பெட்டி, பக்கிள் என்று முழு செட்டாக மாற்ற வேண்டும். விபத்து வண்டியிலிருந்து கழற்றிப் பழைய இரும்புக் கடைக்கு வரும் பெல்ட்டை மலிவு என்று வாங்கி மாட்டுவது, வெடித்த டயரை ஒட்டி ஓட்டுவது போலத்தான்.

போடும் விதத்தில் இரண்டே விஷயம். இடுப்புப் பட்டை வயிற்றில் இல்லாமல் தொடைக்கு மேலே இடுப்பெலும்பில் படிய வேண்டும். தொப்பை இருந்தால் தூக்கிவிட்டு அடியில் போட வேண்டும், வெட்கப்பட ஒன்றுமில்லை. வயிற்றில் கிடக்கும் பட்டை மோதலில் குடலையும் கல்லீரலையும் கிழிக்கும். தோள் பட்டை கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே போக வேண்டும். கழுத்தை அறுக்கிறது என்று அக்குளுக்கு அடியில் விடுவது விலா எலும்பை உடைத்துக்கொள்ளும் வழி. மேல் வளையத்தை ஏற்றி இறக்கும் வசதி பல கேபின்களில் இருக்கும். டிரைவர் மாறும்போது கண்ணாடியைச் சரிசெய்வது போல அதையும் சரிசெய்துகொள்ள வேண்டும்.

பெல்ட் யாருடையது?

கயிறு அறுந்தால் உரிமையாளர் புதுக் கயிறு வாங்கித் தருவார், சரக்குக்காரன் கேட்பான். டயர் தேய்ந்தால் பேச்சே இல்லை. பெல்ட் அறுந்தால்? வண்டி உரிமையாளருடையது, உடம்பு டிரைவருடையது, அபராதம் வண்டி எண்ணுக்கு வரும் இ-செலான். பல இடங்களில் அது டிரைவரின் கணக்கில்தான் கழியும். போட முடியாத பெல்ட்டைப் போடாததற்கு அவர் பேட்டாவில் ஆயிரம் போகும்.

சட்டத்தில் இதற்கு வழி இருக்கிறது, பயன்படுத்துவதுதான் இல்லை. ஓட்டுவதை ஆபத்தாக்கும் குறையோடு வண்டியை ஓட்டுபவரை மட்டுமல்லாமல், ஓட்ட அனுமதிப்பவரையும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு பொறுப்பாக்குகிறது. அறுந்த பெல்ட்டையும் அப்படிப்பட்ட குறையாகப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் இதை நேரடியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். பெல்ட் போடாமல் டிரைவர் ஓட்டக்கூடாது, அப்படி ஓட்டச் சொல்லவோ அனுமதிக்கவோ போக்குவரத்து நிறுவனத்துக்கும் உரிமை இல்லை. 2016-இல் இதைக் கேபினில் உடன் வருபவர்களுக்கும் விரித்தார்கள். நம் விதிகளில் இந்த ஒரு வரி சேர வேண்டும். 1,000 ரூபாய் செலான் எழுதும் அலுவலர், பெல்ட் வேலை செய்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, வேலை செய்யவில்லை என்றால் உரிமையாளர் பெயரில் எழுத வேண்டும். எஃப்.சி. காட்டும் நாளிலும் பெல்ட் 'இருக்கிறது' என்று டிக் அடிப்பதோடு நிற்காமல், வெடுக்கென்று ஒரு முறை இழுத்துப் பார்க்கலாம். வண்டிக்கு எட்டு வயது வரை எஃப்.சி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான். அதனால் நடுவில் பார்க்க வேண்டியவர் உரிமையாளர்தான்.

ஒற்றை லாரி வைத்துக் கடன் தவணை கட்டும் உரிமையாளருக்கு இது இன்னொரு செலவுதான். அவர்களில் பலர் தாங்களே ஓட்டுபவர்கள். ஆனால் ஒரு டயர் விலையில் சிறு பங்குதான் ஒரு பெல்ட் செட். டீசல் விலையையும் சுங்கக் கட்டணத்தையும் குறைக்கச் சொல்லிக் கேட்கும் லாரி உரிமையாளர் சங்கங்கள், மொத்தமாகப் பெல்ட் வாங்கி உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தரலாம். கோணம் பார்த்துப் பொருத்தத் தெரிந்த இரண்டு பேரை ஒவ்வொரு பட்டறைப் பகுதியிலும் தயார் செய்யலாம்.

கிளீனரை இன்னும் சொல்லவில்லை. பெரும்பாலும் இருபதைத் தாண்டாத பையன். பெயர் வண்டிக் காகிதம் எதிலும் இருக்காது. அவன் உட்காருவது நடு மேடையில், இன்ஜின் பெட்டி மேல் போட்ட மெத்தையில். அங்கே பெல்ட்டே கிடையாது. இடது பக்க சீட் காலியாக இருந்தால் அதில் பெட்டி, தண்ணீர் கேன், அடுப்பு. ஓடும்போது பெல்ட் உள்ள சீட்டில்தான் ஆள் இருக்க வேண்டும், சாமான்தான் பின்னால் போக வேண்டும் என்று முதலாளியோ டிரைவரோ ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த அடுப்பையும் கேனையும் கட்டி வைப்பதும் அவசியம். கவிழும் கேபினில் இருபது லிட்டர் கேன் தலையில் விழுவதற்கு எந்தப் பெல்ட்டும் தடையில்லை.

இதைப் போனில் படிக்கும் உங்களில் சிலர் லாஜிஸ்டிக்ஸ், கொள்முதல், கிடங்கு, மின்வணிகம் என்று ஏதோ ஒரு வகையில் லாரிக்கு வேலை கொடுப்பவர்கள். வெண்டரைச் சேர்க்கும்போது இன்சூரன்ஸ், பெர்மிட், மாசுச் சான்று கேட்கிறீர்கள். கேட்டுக்குள் வண்டி வரும்போது ஹெல்மெட், ஷூ, ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் இல்லாமல் டிரைவரை இறங்கவிடுவதில்லை. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனிடம் இன்னொன்றையும் சொல்லுங்கள். வண்டி வெளியே போகும்போது இரண்டு பெல்ட்டையும் ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு அனுப்பட்டும். வேலை செய்யாத வண்டிக்கு அடுத்த லோடு, சரிசெய்த பிறகுதான் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூடவே, டெலிவரி நேரத்தை நாலு மணி நேரம் தளர்த்த முடியுமா என்றும் பாருங்கள். தூங்காமல் ஓட்டுபவருக்குப் பெல்ட் மட்டும் போதாது.

கடைசியாக அழுக்கு. வெதுவெதுப்பான தண்ணீர், துணி துவைக்கும் சாதாரண சோப்பு, ஒரு பழைய துணி. பட்டையை முழுவதும் இழுத்து, திரும்பிப் போகாமல் ஒரு கிளிப் மாட்டிவிட்டு, இரண்டு பக்கமும் துடைக்க வேண்டும். டீசல், மண்ணெண்ணெய், பிளீச்சிங் பவுடர் எதுவும் படக்கூடாது, நூலின் உயிரை எடுத்துவிடும். நிழலில் காய வேண்டும். முழுவதும் காய்வதற்கு முன் சுருளவிட்டால் உள்ளே பூஞ்சை பிடிக்கும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும். லோடு இறக்கக் காத்திருக்கும் மதிய நேரத்தில் ஆரம்பித்தால், சாயங்காலம் வண்டி எடுப்பதற்குள் காய்ந்துவிடும். காய்ந்ததும் அந்தக் கிளிப்பை மறக்காமல் எடுத்துவிட வேண்டும்.